இரண்டாம் முறை நிற்கும் எம்.எல்.ஏ.க்களுக்கு, பூத் கமிட்டியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், அவர்களுடைய தேர்தல் பணிக்குழுவினருக்கும்,

வணக்கம்.

இதை எழுதுகிறவர்கள் ஒரே கட்சிக்காரர்கள் இல்லை. வேட்டியின் கரை வேறு வேறு, பார்க்கிற வேலை ஒன்று. பாகம் எண் (ஒரு சாவடியின் பட்டியலுக்கு உரிய எண்), வாக்காளர் பட்டியல், பூத் ஸ்லிப், முகவரை நியமிக்கும் படிவம் 10, பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் படிவம் 17சி. எங்கள் அரசியல் இதற்குள் அடங்கிவிடும். தேர்தல் நெருங்கினால் ஒவ்வொரு செயல்வீரர்கள் கூட்டத்திலும் நீங்கள் எங்களிடம் விசுவாசம் கேட்கிறீர்கள். கொடுப்பதில் தடையில்லை. அது எந்த நாளில், எந்தக் காகிதத்தில் தேவைப்படுகிறது என்று தெரிந்து கேட்டால் நன்றாக இருக்கும். மேடையில் சால்வை போடுகிறவரும், பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ் கட்டுகிறவரும் உங்கள் கண்ணில் படுகிறார்கள். அதிகாலை ஐந்தரைக்கு அரசுப் பள்ளி வகுப்பறையில் போய் உட்கார வேண்டியவர் படுவதில்லை.

முதலில் காலக் கணக்கு. 2016-இல் தேர்தல் தேதி அறிவித்தது மார்ச் 4. ஓட்டுப்பதிவு மே 16, கத்திரி வெயிலில். இடையில் 73 நாள். 1989 முதல் 2011 வரை ஒவ்வொரு தேர்தலிலும் ஆட்சியை மாற்றிய தமிழ்நாட்டில், 1984-க்குப் பிறகு ஆளுங்கட்சி மறுபடி வென்றது அந்தத் தேர்தலில்தான். 2021-இல் பிப்ரவரி 26-இல் அறிவித்து ஏப்ரல் 6-இல் ஓட்டுப்பதிவு முடிந்தது. ஆனால் எண்ணிக்கை மே 2-ஆம் தேதி. 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19-இல் ஓட்டுப் போட்டுவிட்டு ஜூன் 4 வரை 46 நாள் காத்திருந்தோம். ஒரு மனிதரின் உற்சாகம் பத்து நாள் தாங்கும். மிச்ச நாட்களைத் தாங்குவது ஏற்பாடு.

பதவியில் இருப்பவருக்கு வேலை பார்ப்பதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. எதிர்க்கட்சிக்காரர் வாசலில் நின்று கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடலாம். நாங்கள் பதில் சொல்ல வேண்டும். "அஞ்சு வருஷமா இந்தப் பக்கம் தலையே காட்டலையே" என்று அந்த அம்மா கேட்பது உங்களிடம்தான், காதில் வாங்குவது நாங்கள்.

ஆயிரம் ஓட்டுள்ள பாகத்தில் ஏறக்குறைய முந்நூறு வீடு இருக்கும். மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை இரண்டு பேர் நடந்தால், நின்று பேசி, இருபது, இருபத்திரண்டு வீடு பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு இரண்டு வாரம். எழுபது நாளில் மூன்று சுற்றுக்கு மேல் போகக் கூடாது, நாலாவது முறை கதவு திறக்காது. முதல் சுற்றில் நோட்டீஸ் எடுத்துப் போகவே கூடாது. குறிப்பெழுத ஒரு நோட்டுதான் வேண்டும். வீட்டு எண், என்ன குறை, எந்தத் துறை, மனு கொடுத்த நாள், இப்போதைய நிலை என்று ஐந்து கட்டம் போட்டுக்கொண்டால் போதும். இரண்டாம் சுற்றில் ஆட்களைப் பார்க்க வேண்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போன மகன், கல்லூரி விடுதியில் இருக்கும் பெண், கட்டிக்கொடுத்துப் போன மகள், யார் ஓட்டு எங்கே இருக்கிறது என்று. மூன்றாவது கடைசி வாரத்தில், ஸ்லிப்போடு. இதற்கு நடுவில் நீங்கள் திறந்த ஜீப்பில் ஒரு முறை கும்பிட்டுக்கொண்டு போவீர்கள். அதைச் சுற்றுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்த நோட்டு எங்கே மாட்டிக்கொள்கிறது தெரியுமா? தேர்தல் தேதி அறிவித்த அன்றே நடத்தை விதி வந்துவிடும், உங்கள் தொகுதி அலுவலகத்தைப் பூட்டி சீல் வைப்பார்கள். ஐந்து வருடம் வாங்கிய மனுக்களின் பதிவேடு உள்ளே இருக்கும், பதில் சொல்ல வேண்டிய நாங்கள் வெளியே நிற்போம். எந்தத் தெருவுக்கு எந்த வேலை மதிப்பீடு போட்டாயிற்று, எது டெண்டரில் நிற்கிறது, எது தள்ளுபடி ஆனது என்ற விவரத்தைப் பாகம் வாரியாகப் பிரித்து, அறிவிப்புக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே எங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே தொடங்கிய வேலை நடக்கலாம். புதிதாக எதையும் தொடங்க முடியாது, தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்தும் புது ஒதுக்கீடு வராது. தெரியாமல் ஒருவர் வாசலில் நின்று "அடுத்த வாரமே சாக்கடை கட்டித் தர்றோம்" என்று சொல்லிவிட்டால், எதிரணி அதை வீடியோ எடுத்து தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் போட்டுவிடும். "இது முடியவில்லை, காரணம் இது" என்று சொல்கிற தொண்டரைத்தான் வாசலில் நம்புகிறார்கள். அந்தக் காரணத்தை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அடுத்தது பட்டியல். பலரும் கடைசி வாரத்தில் கண் விழிக்கிற இடம் இது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு எல்லாம் சேர்த்து. அதற்குப் பிறகும் பட்டியல் சுத்தமாகிவிட்டது என்று யாரும் கை கழுவ முடியாது. சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, திருத்தவோ இடம் மாற்றவோ படிவம் 8. வழக்கமான நாட்களில் கட்சியின் ஒரு பூத் முகவர் ஒரு நாளில் பிஎல்ஓ-விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம்) பத்துப் படிவம் வரைதான் தர முடியும். மொத்தம் முப்பதைத் தாண்டினால் மேலதிகாரியின் குறுக்குச் சரிபார்ப்பு உண்டு. மனுத்தாக்கல் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னால் வந்த படிவம்தான் அந்தத் தேர்தலுக்குச் செல்லும். ஆகவே "நம்ம ஆளுங்க நானூறு பேர் விட்டுப்போச்சு" என்று மனுத்தாக்கல் வாரத்தில் மாவட்டச் செயலாளர் சத்தம் போடுவதில் பயன் இல்லை. நாளுக்குப் பத்து என்ற கணக்கில் நானூறுக்கு நாற்பது நாள் ஆகும், அல்லது பத்துப் பாகத்தில் பத்து முகவர் நான்கு நாள் உட்கார வேண்டும். இன்னொன்று, எதிர் ஓட்டு என்று நினைத்து உயிரோடு இருப்பவர் மீது படிவம் 7 கொடுக்கச் சொல்லாதீர்கள். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை. கையெழுத்து எங்களுடையது.

இப்போது எல்லோரும் தவிர்க்கிற பேச்சு. பூத் வாரியாகக் கணக்கு கேட்கிறீர்கள். நம் ஓட்டு, எதிர் ஓட்டு, ஊசலாட்டம் என்று மூன்று குறி. கிளைச் செயலாளர் 450 என்பார். ஒன்றியத்தில் அது 500 ஆகும், உங்கள் மேசைக்கு 550-ஆக வரும். கூட்டிச் சொன்னவருக்கு முதுகில் தட்டு, குறைத்துச் சொன்னவருக்கு "நீ யாருக்கு வேலை பார்க்கிற?" என்ற கேள்வி. அப்புறம் யார் உண்மையைச் சொல்வார்கள்? கரையும் ஓட்டைக் கரைகிறது என்று ஐம்பதாவது நாளில் சொல்கிறவர்தான் உங்களுக்கு விசுவாசமானவர். அப்போது சொன்னால் இருபது நாள் மிச்சம் இருக்கும்.

சரிபார்க்க வழி இருக்கிறது. சென்ற தேர்தலின் பூத் வாரி முடிவு, படிவம் 20, தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். கிளையிலிருந்து வரும் எண்ணை அதன் பக்கத்தில் வையுங்கள். ஐந்து வருடம் முன்பு 310 வாங்கிய பூத்தில் இன்று 500 என்றால் காரணம் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் என்ற உச்சவரம்பு வந்த பிறகு பல பாகங்கள் பிரிந்து எண் மாறிவிட்டன. பழைய 112-ஐப் புதிய 112-ஓடு ஒப்பிட்டால் வேறு தெருவின் கணக்கு வரும். பாகத்துக்குள் இருக்கும் பிரிவு எண்ணையும் தெருப் பெயரையும் வைத்துப் பொருத்த வேண்டும். வாசலில் "உங்களுக்குத்தான்பா" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், அது நம் ஊர் மரியாதை. ஒருவரை ஒருவர் கலக்காமல் போன இரண்டு பேர் ஒரே குறி போட்டால் மட்டும் அந்த வீட்டை நம் கணக்கில் எழுதலாம்.

உள்ளடி வேலை பற்றி மேடையில் நிறையப் பேசுகிறீர்கள். சீட் கிடைக்காதவர் கோபமாக இருப்பார், அது இயல்பு. முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவதால் பாதி நேரம் நல்லவரைத்தான் விரட்டுகிறீர்கள். காகிதத்தைப் பாருங்கள். ஸ்லிப் கட்டு வாங்கிப் போய் மூன்றாம் நாளும் வீட்டுத் திண்ணையில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறதா? மாற்று முகவருக்கான படிவம் 10-இல் பெயர் காலியாக இருக்கிறதா? 85 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட 12டி படிவம், அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பாகத்தில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லையா? அங்கேதான் ஓட்டை.

பணப் பட்டுவாடா பற்றி மழுப்பாமல் ஒரு வார்த்தை. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலே தள்ளிப்போனது இதனால்தான். 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தானதும் இதனால்தான். சட்டப்படி அது லஞ்சம், ஓராண்டு வரை சிறை. பறக்கும் படையிடம் சிக்குகிறவர் கவரை மேலிருந்து அனுப்பியவர் இல்லை, தெருவில் கவரோடு நிற்கிற பூத் ஆள்தான். அவரை ஒரு ராத்திரி ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டால், மறுநாள் விடியலில் சாவடியில் உங்கள் முகவர் நாற்காலியில் யார் உட்காருவார்? அந்த வேலைக்கு எங்களைக் கூப்பிடாதீர்கள். மறுப்பதைத் துரோகமாகவும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

இனி ஓட்டுப்பதிவு நாள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு சாவடிக்கு ஒரு முகவர், இரண்டு மாற்று முகவர். ஒரு நேரத்தில் உள்ளே ஒருவர்தான். முந்நூறு சாவடி என்றால் தொள்ளாயிரம் படிவம், ஒவ்வொன்றிலும் வேட்பாளர் அல்லது தலைமை முகவரின் கையெழுத்து. வேட்பாளரின் மாதிரிக் கையெழுத்து முன்கூட்டியே வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையில் இருக்கும், அதோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவார். பிரச்சாரம் ஓய்ந்த இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், காரின் பின்சீட்டில் கிறுக்கிய கையெழுத்து அதோடு பொருந்துமா? விடியலில் நம் ஆள் வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருக்க, மாதிரி வாக்குப்பதிவு அவர் இல்லாமலே நடந்து முடியும். நாளுக்கு நூறு வீதம் ஒன்பது நாள் உட்கார்ந்து போட்டால் ஒரே மாதிரி விழும். முடியாது என்றால் அந்த வேலையை முழுக்கத் தலைமை முகவரிடம் விட்டுவிடுங்கள். அரசு ஊழியரை முகவராகப் போடாதீர்கள், அவருக்கு வழக்கு வரும்.

ஏழு மணி ஓட்டுப்பதிவுக்கு மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு. முகவர்களுக்காகப் பதினைந்து நிமிடம் பார்ப்பார்கள், பிறகு தொடங்கிவிடுவார்கள். குறைந்தது ஐம்பது ஓட்டு, நோட்டா உட்பட ஒவ்வொரு பெயருக்கும் விழ வேண்டும். யார் யாருக்கு எத்தனை அழுத்தினோம் என்று முகவர் தன் தாளில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு இயந்திரத்தில் குளோஸ், ரிசல்ட், கிளியர் பொத்தான்கள். இந்த வரிசை மாறக் கூடாது. திரையில் வந்த எண்ணும், ஒவ்வொரு ஓட்டுக்கும் சீட்டு அச்சிடும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளும், நம் தாளில் இருப்பதும் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கிளியர் அழுத்திய பின் மொத்தம் பூஜ்யம் என்று காட்டியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். விவிபேட் சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைப்பதையும் பார்க்க வேண்டும். அவசரத்தில் கிளியர் அழுத்த மறந்த சாவடிகள் ஒவ்வொரு தேர்தலிலும் எங்காவது வருகின்றன. அந்த ஐம்பது ஓட்டும் நிஜ ஓட்டோடு கலந்துவிடும். அதைப் பிடிக்க அந்த அறையில் இருக்கும் ஒரே வெளியாள் முகவர்தான். அப்புறம் பச்சைக் காகித முத்திரையில் கையெழுத்து, அதன் வரிசை எண், ஓட்டுகள் பதிவாகும் கன்ட்ரோல் யூனிட்டின் எண், இரண்டையும் குறித்துக்கொள்வது. அரைத்தூக்கத்தில் வந்தவரால் இதெல்லாம் ஆகாது. முந்தின இரவு ஒன்பது மணிக்கு அவரைத் தூங்க விடுங்கள். கடைசி நேரக் கூட்டம் என்று பதினொன்றுவரை மண்டபத்தில் உட்கார வைக்கிறீர்களே, அதற்குத்தான் சொல்கிறோம்.

சாப்பாடு சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் பதினொரு மணிக்குக் கட்டிய பிரியாணி பொட்டலம் இரண்டு மணிக்குச் சாவடிக்கு வந்தால் வயிற்றுக்கு ஆகாது. வயிறு தாங்கினாலும் தூக்கம் வரும். எட்டரைக்கு இட்லி, ஒரு மணிக்குத் தயிர்சாதம், நாலு மணிக்கு மோர். முகவர் சாப்பிட வெளியே வரும்போது மாற்று முகவர் உள்ளே உட்கார்ந்த பிறகே எழுந்து வர வேண்டும். யார் ஓட்டுப் போட்டார் என்று குறியிட்ட பட்டியலை உள்ளேயே விட்டு வர வேண்டும். செலவைப் பதிவேட்டின் ரொக்கப் பக்கத்தில், அந்த இளஞ்சிவப்புத் தாளில், அன்றே எழுதச் சொல்லுங்கள். வரம்பு 40 லட்சம். அதில் இந்தத் தயிர்சாதம் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாலை நான்கு மணி ஆபத்தான நேரம். கூட்டம் குறையும், எதிரணி முகவரும் கொட்டாவி விடுவார், நம் ஆள் "முடிஞ்சுது" என்று எழுந்துவிடுவார். முடியவில்லை. நேரம் முடிந்ததும் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கிச் சீட்டுக் கொடுப்பார்கள். அவர்கள் போட்டு முடித்து, குளோஸ் அழுத்தி, மொத்தம் வந்து, அது ஓட்டுப் போட வந்தவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டோடு பொருந்தி, அந்த எண் 17சி-யில் ஏறி, அலுவலர் கையெழுத்திட்ட நகல் கைக்கு வந்த பிறகுதான் நாற்காலியை விட வேண்டும். நகலைக் கொடுக்க வேண்டும் என்பது விதி, யாரும் உபகாரம் செய்யவில்லை.

அந்த ஒரு தாளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். 2021-இல் தியாகராய நகரில் பதவியில் இருந்த உறுப்பினர் 137 ஓட்டில் தோற்றார். தென்காசியிலும் அப்படித்தான், 370 ஓட்டு. காட்பாடியில் பதவியில் இருந்தவர் 746 ஓட்டில் தப்பித்தார். இருநூறு பூத் என்று வைத்துக்கொண்டாலும் 137 என்பது பூத்துக்கு ஒரு ஓட்டுக்கும் கீழே.

காத்திருக்கும் நாட்களில்தான் எல்லோரும் கலைந்து போகிறார்கள். இயந்திரங்களைப் பூட்டி வைக்கும் ஸ்ட்ராங் ரூம் வாசலில் சிசிடிவி திரை முன்னால் வேட்பாளரின் ஆட்கள் உட்காரலாம். எட்டு மணி நேரம் வீதம் நாளுக்கு மூன்று முறை என்றால், 2021-இல் 26 நாளுக்கு 78 முறை ஆள் மாற்ற வேண்டியிருந்தது. 2024-இல் 138. முதல் வாரம் பந்தலும் விசிறியும் இருக்கும். மூன்றாவது வாரம் விசிறியைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். யார் எந்த நேரம் என்ற அட்டவணையை ஓட்டுப்பதிவுக்கு முன்பே எழுதிவிட்டால், "தோத்துட்டோம்போல" என்ற வதந்தி வந்தாலும் ஆள் வருவார். எண்ணும் நாளில் மேசைக்கு ஒருவர். யூனிட் எண்ணும் மொத்தமும் 17சி நகலோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே தலையாட்ட வேண்டும். தபால் ஓட்டு மேசைக்குச் சட்டம் தெரிந்தவரைப் போடுங்கள். 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்ட தபால் ஓட்டுகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டதுதான் வழக்கானது. 2019-இல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது.

தேர்தல் வழக்குப் போட முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள்தான். எனவே கடைசியாக ஒன்று கேட்கிறோம். எல்லாச் சாவடியின் 17சி நகலையும் பாகம் எண் வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கி, ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த 45 நாளும் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். இப்போது அவை எங்கள் சட்டைப்பையில் நாலாக மடிந்து, வியர்வையில் எண் அழிந்து கிடக்கின்றன. வாங்கிக்கொள்ள யாரும் வருவதில்லை.

இப்படிக்கு,
பூத் கமிட்டியில் இருப்பவர்கள்